எரிந்த மலையின் ஓடைகளில் ஹீலா டிரவுட்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில், தென்மேற்கு மூலையில் ஹீலா என்ற மலைக்காடு இருக்கிறது. 1924 ஜூனில், ஆல்டோ லியோபோல்ட் என்ற வன அதிகாரியின் முயற்சியால், சாலையோ கட்டடமோ வராமல் காடாகவே விட்டுவைக்க வேண்டிய பகுதி என்று அரசு முதன்முதலாக அறிவித்த இடம் இதுதான். அங்குள்ள குளிர்ந்த ஓடைகளில் ஹீலா டிரவுட் என்ற மீன் வாழ்கிறது. 2012லும் 2022லும் பெருந்தீக்கள் இந்த மலைகளைச் சுட்டுவிட்டுப் போயின. நான் பத்து வருடங்களுக்கும் மேலாக ஃப்ளை தூண்டிலோடு, அதாவது போலிப் பூச்சி கட்டிய தூண்டிலோடு, அங்கே போய் வருகிறேன். நண்பர்களும் சொந்தக்காரர்களும் கேட்கிற கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருப்பதால், பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

ஹீலா டிரவுட் எப்படிப்பட்ட மீன்?

சின்ன மீன். ஓடையில் பெரும்பாலும் ஒரு சாண் நீளம்தான் இருக்கும். பெரிய மடுவில் அதற்கு மேலும் வளரும். உடம்பு பித்தளைப் பாத்திரத்தைப் புளி போட்டுத் துலக்கிய மாதிரி மஞ்சளாக மின்னும். முதுகிலும் பக்கவாட்டின் மேல்பாதியிலும் மிளகைப் பொடித்துத் தூவியதுபோலச் சிறு புள்ளிகள். தாடைக்குக் கீழே மஞ்சள் கீற்று ஒன்று உண்டு. கையில் எடுத்துப் பார்த்தவர்கள் அந்த நிறத்தை மறக்க மாட்டார்கள்.

இதைத் தனி இனம் என்று அறிவியல் முறைப்படி விவரித்தது 1950ல், ராபர்ட் ரஷ் மில்லர் என்ற மீனியல் அறிஞர். அதற்குள் மீன் பெரும்பாலான இடங்களில் அழிந்துவிட்டிருந்தது. 1967ல் அழியும் நிலையில் உள்ள உயிரினங்களின் பட்டியலில் சேர்த்தார்கள். 2006ல் நிலைமை கொஞ்சம் தேறியதால் ஒரு படி இறக்கி, அச்சுறுத்தலில் உள்ள இனம் என்று மாற்றினார்கள். பல பத்தாண்டுகளுக்குப் பிறகு, 2007ல்தான் தூண்டில்காரர்களுக்குச் சில ஓடைகள் திறக்கப்பட்டன.

Gila என்ற ஆங்கில எழுத்தைப் பார்த்து 'கிலா' என்று படிக்காதீர்கள். ஸ்பானிய வழக்கப்படி ஹீலா.

நீலகிரியில் டிரவுட் இருக்கிறதே, அதுவும் இதுவும் ஒன்றா?

இல்லை, ஆனால் உறவு உண்டு. அவலாஞ்சியில் குஞ்சு பொரிப்பகம் வைத்து வளர்ப்பது ரெயின்போ டிரவுட். பசிபிக் கரையோர ஆறுகளைத் தாயகமாகக் கொண்ட அந்த மீனை வெள்ளைக்காரர்கள் பல நாட்டு மலைகளுக்கும் கொண்டுபோனார்கள், நம் நீலகிரிக்கும் அப்படித்தான் வந்தது. ஹீலா மலைகளுக்குள்ளும் அதே ரெயின்போவைத்தான் கொண்டுவந்து விட்டார்கள். இரண்டும் ஒரே பேரினம் என்பதால் எளிதில் கலந்து இனப்பெருக்கம் செய்யும். சில தலைமுறைகள் கலந்தால் தூய ஹீலா டிரவுட் காணாமல் போய்விடும். ஐரோப்பாவிலிருந்து வந்த பிரவுன் டிரவுட் இன்னொரு பக்கம், அது குஞ்சுகளைப் பிடித்துத் தின்னும். தீ பற்றிய பேச்சே வருவதற்கு முன், ஹீலா டிரவுட்டை மலை உச்சிக்குப் பக்கத்தில் இருக்கும் நாலைந்து சிற்றோடைகளுக்குள் ஒடுக்கியது இந்த இரண்டு மீன்கள்தான். மெயின் டயமண்ட், சவுத் டயமண்ட், விஸ்கி, ஸ்ப்ரூஸ் என்பவை அப்படி மிஞ்சிய ஓடைகள்.

தண்ணீருக்குள் இருக்கும் மீனைத் தீ எப்படிக் கொல்லும்?

எல்லோரும் முதலில் கேட்பது இதைத்தான். நேரடியாகக் கொல்வது குறைவு. மிகச் சிறிய ஓடையில், இரண்டு கரையும் கொழுந்துவிட்டு எரிந்தால் தண்ணீர் சூடாகும், புகையிலிருந்து அம்மோனியா கரையும், மீன் சாகும். ஆனால் தீ கடந்துபோன மறுநாளும் மீன் உயிரோடு நீந்திக்கொண்டிருப்பது உண்டு. அவற்றைப் பெரும்பாலும் கொல்வது பின்னால் வரும் மழை.

காடு எரியும்போது ஊசியிலைச் சருகில் இருக்கும் மெழுகும் பிசினும் ஆவியாகின்றன. அதில் ஒரு பகுதி மண்ணுக்குள் இறங்கி, சில சென்டிமீட்டர் ஆழத்தில் குளிர்ந்து படிகிறது. எண்ணெய் தடவிய தட்டில் தண்ணீர் ஊற்றினால் எப்படி உருண்டோடுமோ, அப்படி அந்த மண் மழையை உள்ளே வாங்காமல் தள்ளிவிடும். மேலே சருகும் இல்லை, புல்லும் இல்லை, பிடித்து வைக்க வேரும் இல்லை. தென்மேற்கு அமெரிக்காவில் தீப் பருவம் மே, ஜூன். ஜூலை தொடங்கியதும் அங்கே ஒரு பருவமழை உண்டு. மதியம் இடி இடித்து, ஒரு மணி நேரம் கொட்டித் தீர்க்கும். காடு எரிந்த சூடு ஆறுவதற்குள் இந்த மழை வந்துவிடுகிறது.

அந்த முதல் மழையில் ஓடையில் இறங்கி வருவதைத் தண்ணீர் என்று சொல்ல முடியாது. கறுப்புக் கூழ். சாம்பல், கரி, மண், பாறை, எரிந்த மரத்துண்டு எல்லாம் சேர்ந்து உருண்டு வரும். மீனின் செவுளில் சாம்பல் அடைத்துக்கொள்ளும், நீரில் உயிர்வளி சரிந்துவிடும். பெரிய வெள்ளமாக இருந்தால் ஓடைப் படுகையையே சுரண்டிப் பாறை தெரிய வைத்துவிடும். அல்லது ஆள் உயர மடுவைச் சரளைக்கல்லால் மூடிவிடும். ஒரே மதியத்தில் பல கிலோமீட்டர் ஓடையில் ஒரு மீன்கூட மிஞ்சாமல் போகலாம்.

2012ல் என்ன நடந்தது?

மே மாதம் மின்னல் விழுந்து இரண்டு இடங்களில் தீப்பிடித்தது. மொகயோன் மலைத்தொடரில் ஒன்று பால்டி, இன்னொன்று வைட்வாட்டர். காற்று தள்ளியதில் இரண்டும் சேர்ந்துகொண்டன. மொத்தம் 2,97,845 ஏக்கர், அதாவது சுமார் 1,200 சதுர கிலோமீட்டர். அதுவரை நியூ மெக்சிகோ பதிவேட்டில் அதைவிடப் பெரிய தீ இல்லை. ஹீலா டிரவுட்டின் முக்கிய ஓடைகள் பலவும் அந்த எல்லைக்குள் இருந்தன.

மழை வருவதற்குள் ஆட்கள் உள்ளே போனார்கள். முதுகில் மின்கலம் சுமந்து, தண்ணீரில் லேசான மின்சாரம் பாய்ச்சி, மயங்கி மிதக்கும் மீன்களை வலையில் அள்ளினார்கள். ஹெலிகாப்டரில் தொட்டி கட்டித் தூக்கிப் பொரிப்பகத்துக்குக் கொண்டுபோனார்கள். விஸ்கி, ஸ்ப்ரூஸ் ஓடைகளின் மீன்கள் அப்படித்தான் காப்பாற்றப்பட்டன. அந்த ஓடைகளின் வம்சம் ஒவ்வொன்றும் தனித்தனி. ஒன்று போனால் அந்த மரபு உலகத்திலிருந்தே போய்விடும். புகை அடங்காத காட்டுக்குள் சில நூறு மீன்களுக்காக மனிதர்கள் இறங்கினார்கள் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நெகிழ்கிறது.

தீ எல்லைக்குள் இருந்த மீன்கூட்டங்களில் பெரும்பாலானவை அந்த மழைக்காலத்தோடு அழிந்தன.

மீன்கள் கீழேயிருந்து தாமாக நீந்தித் திரும்பி வராதா?

பழைய காலத்தில் வந்திருக்கும். தீ இந்த மலைகளுக்குப் புதிதில்லை, டிரவுட்டும் தீயோடுதான் வாழ்ந்து வந்திருக்கிறது. ஒரு ஓடை எரிந்தால் பக்கத்து ஓடையிலிருந்தோ கீழே ஆற்றிலிருந்தோ மீன் ஏறி வந்து, சில வருடங்களில் மறுபடி நிரப்பிவிடும். ஊரில் ஒரு வீட்டுக் குத்துவிளக்கு அணைந்தால் அடுத்த வீட்டிலிருந்து திரி ஏற்றிக்கொள்வது மாதிரி.

இப்போது அந்த அடுத்த வீடு இல்லை. கீழே ஆற்றில் ரெயின்போவும் பிரவுனும் இருக்கின்றன. அவை மேலே ஏறி வராமல் இருக்க ஒரு தடை தேவை. சில இடங்களில் இயற்கையான அருவி இருக்கிறது, சில இடங்களில் பாறையும் கான்கிரீட்டும் வைத்துத் தடுப்பு கட்டியிருக்கிறார்கள். அந்தத் தடுப்பு இல்லையென்றால் ஹீலா டிரவுட் கலப்பாகிவிடும். அது இருந்தாலோ, மேலே எரிந்துபோன ஓடைக்குள் எந்த மீனும் ஏற முடியாது. காப்பாற்றுகிற சுவரே சிறைச்சுவராகவும் இருக்கிறது. ஹீலாவில் மீன் பாதுகாப்பு பற்றி எதைப் பேசினாலும் இந்த முடிச்சில்தான் வந்து நிற்க வேண்டியிருக்கும்.

அதனால் மனிதர்கள்தான் சுமக்க வேண்டும். சாலை கிடையாது. கோவேறு கழுதைகளின் இருபுறமும் தண்ணீர்த் தொட்டி கட்டி, மணிக்கணக்காக மலைப்பாதையில் நடத்தி மீன்குஞ்சுகளைக் கொண்டுபோகிறார்கள். பாதை வெள்ளத்தில் போய்விட்ட இடங்களுக்கு ஹெலிகாப்டர்.

அப்படியானால் தீயால் ஒரு நன்மையும் இல்லையா?

உண்டு. வைட்வாட்டர் க்ரீக்கைச் சொல்ல வேண்டும். க்ளென்வுட் என்ற சிற்றூருக்கு மேலே, குறுகிய பாறைப் பள்ளத்தாக்கில் இறங்கி வரும் ஓடை அது. 2012 தீக்கு முன் அதில் வெளியிலிருந்து வந்த டிரவுட்டும் கலப்பினமும்தான். தீக்குப் பின் வந்த வெள்ளங்கள் அவற்றைத் துடைத்துப் போட்டன. 2013 செப்டம்பர் வெள்ளத்தில், பள்ளத்தாக்கின் சுவரோடு ஒட்டி நடந்துபோகக் கட்டியிருந்த கேட்வாக் என்ற இரும்புப் பாதையும் நொறுங்கியது. மிச்சம் மீதி இருந்த அயல் மீன்களை ரோட்டினோன் போட்டு அகற்றினார்கள். தென் அமெரிக்கப் பழங்குடிகள் மீன் பிடிக்கப் பயன்படுத்திய வேர்களில் இருக்கும் நச்சு அது, செவுள் உள்ள உயிரைத்தான் முக்கியமாகத் தாக்கும். அதற்குப் பிறகு ஹீலா டிரவுட்டைக் கொண்டுவந்து விட்டார்கள். கிளைகளோடு சேர்த்து முப்பது கிலோமீட்டருக்கும் மேல். தீ இல்லாமல் இவ்வளவு நீளமான ஓடையை அந்த மீனுக்கு மீட்டுக் கொடுப்பது மிகக் கடினமாக இருந்திருக்கும்.

சின்ன ஓடையை விட நீண்ட ஓடை பாதுகாப்பானது. கிளை ஒன்று எரிந்தாலும் இன்னொரு கிளையில் மீன் தங்கும், பழைய காலம்போல ஒன்றுக்கொன்று கைகொடுக்கும். அதனால்தான் வைட்வாட்டர் மேல் எனக்கு இத்தனை நம்பிக்கை.

எரிந்த ஓடை தேற எத்தனை வருடம் ஆகும்?

எதைத் தேறுதல் என்கிறோம் என்பதைப் பொறுத்தது. பூச்சிகள் வேகம். வெள்ளம் அடங்கி ஒரு வருடத்துக்குள் கருப்பு ஈயின் புழுக்களும், கொசு போன்ற சிறு பூச்சிகளும், பேட்டிஸ் என்ற சின்ன மேஃப்ளை வகையும் வந்துவிடும். இவற்றுக்கு ஆயுள் குறைவு, வருடத்தில் பல தலைமுறை, நீரோட்டத்தில் மிதந்து வந்து காலி இடத்தைப் பிடிக்கும். ஸ்டோன்ஃப்ளை போன்ற பெரிய பூச்சிகள் சில வகை இரண்டு மூன்று வருடம் புழுவாகவே நீருக்குள் இருக்க வேண்டியவை, அவை தாமதமாகத்தான் திரும்பும். ஒரு கல்லைப் புரட்டிப் பார்த்து அடியில் ஸ்டோன்ஃப்ளை புழு ஒட்டியிருந்தால், ஓடை கொஞ்ச காலமாக அமைதியாக இருக்கிறது என்று அர்த்தம். கல்லைத் திரும்ப அதே மாதிரி வைத்துவிடுங்கள்.

நிழல் போனதால் வெயில் நேராகத் தண்ணீரில் விழும், பாசி செழிக்கும், பாசியைத் தின்னும் பூச்சி பெருகும். அந்தச் சில வருடங்களில் விடப்பட்ட மீன்கள் நன்றாக வளர்வதைப் பார்த்திருக்கிறேன். ஆனால் அதே வெயில் கோடையில் தண்ணீரைச் சூடாக்கவும் செய்யும். கரையில் வில்லோவும் ஆல்டரும் தழைத்து, மேல்சரிவில் ஆஸ்பன் கன்றுகள் எழும்பி நிழல் திரும்பும்வரை அந்தச் சிக்கல் இருக்கும்.

பத்து வருடங்களுக்கு மேல் ஆனால் எரிந்து நின்ற மரங்கள் சாய்ந்து ஓடையில் விழத் தொடங்கும். விழுந்த மரம் தண்ணீரைத் தடுத்து மடு உண்டாக்கும், மீனுக்கு ஒளிய இடம் கொடுக்கும். செத்த மரம் ஓடைக்குச் செய்யும் வேலையை எவ்வளவு சொன்னாலும் தகும்.

ஃப்ளை ஃபிஷிங் என்றால் என்ன? சாதாரணத் தூண்டிலுக்கும் அதற்கும் என்ன வேறுபாடு?

நம் ஊர்த் தூண்டிலில் முள்ளும் ஈயக்குண்டும் கனமாக இருக்கும். அந்தக் கனம்தான் நரம்பை இழுத்துக்கொண்டு போய் விழும். ஃப்ளை தூண்டிலில் முனையில் இருப்பது இறகும் நூலும் மயிரும் சுற்றிக் கட்டிய போலிப் பூச்சி. அதற்குக் கனமே கிடையாது. அதனால் நூலையே தடிமனாக, கனமாகச் செய்திருப்பார்கள். கோலை முன்னும் பின்னும் வீசும்போது அந்த நூல் சாட்டை மாதிரி விரிந்து, நுனியில் கட்டிய மெல்லிய நரம்பையும் பூச்சியையும் சுமந்துபோய் இலை விழுவதுபோலத் தண்ணீரில் இறக்கும்.

புழு மாட்டுவதில்லை, தக்கை கிடையாது. அந்த நேரத்தில் எந்தப் பூச்சி தண்ணீரில் இருக்கிறது, மீன் எந்த இடத்தில் நின்று வாங்குகிறது என்று பார்த்துத்தான் போட வேண்டும். ஒரு நாள் முழுவதும் ஓடையைப் பார்க்க வைக்கிறதே, அதற்காகவே எனக்கு இது பிடிக்கும்.

என்ன சாமான்கள் வேண்டும்?

அதிகம் வேண்டாம். ஏழு அடிக்குள் ஒரு குட்டைக் கோல், இரண்டாம் எண் முதல் நான்காம் எண் வரையிலான நூல், அதன் நுனியில் ஏழரை அடி மெல்லிய நரம்பு. சில இடங்களில் ஓடை ஒரு தாவலில் தாண்டிவிடும் அகலம்தான், மேலே கிளைகள் கவிந்திருக்கும், பின்னால் வீச இடம் இருக்காது. அங்கே பூச்சியை விரலில் பிடித்து, கோலை வில்லாக வளைத்து அம்பு விடுவதுபோல விடுவோம். ஜப்பானிய டென்காரா கோல் வைத்திருப்பவர்களுக்கு இந்த ஓடைகள் மிகப் பொருத்தம். சுருள் உருளையே இல்லாமல், கோல் நுனியில் நூலைக் கட்டிவிட்டுப் பிடிக்கலாம்.

கூடவே சின்னக் குறடு ஒன்று, தண்ணீர் வெப்பமானி ஒன்று, குடிநீர் வடிகட்டி, காகித வரைபடம். போன் சிக்னல் இருக்காது.

எந்தப் போலிப் பூச்சி நல்லது?

ஹீலா டிரவுட் அப்படி ஒன்றும் தேர்ந்து தின்னாது. உணவு குறைந்த மலையோடை மீன், கிடைத்ததைப் பாய்ந்து எடுக்கும். பாராசூட் ஆடம்ஸ், எல்க் ஹேர் கேடிஸ் இரண்டும் பதினான்கிலிருந்து பதினெட்டாம் அளவு வரை இருந்தால் போதும். கோடைக் கடைசியில் வெட்டுக்கிளியும் எறும்பும். எரிந்து புல்லாகிப் போன கரைகளில் வெட்டுக்கிளி நிறைய, காற்றில் தவறித் தண்ணீரில் விழும். குளிர் காலையில் மணி கோத்த ஃபெசன்ட் டெயில் ஒன்றை அடியில் ஓட விடலாம்.

பூச்சியை விட முக்கியம் நீங்கள் நிற்கும் இடம். ஓடைக்குக் கீழிருந்து மேல் நோக்கி, குனிந்து போங்கள். மீன் நீரோட்டத்தைப் பார்த்து நிற்கும், பின்னால் வருபவரை எளிதில் பார்க்காது. உங்கள் நிழல் மடுவில் விழுந்தால் அந்த மடு அவ்வளவுதான், அடுத்ததற்கு நடங்கள்.

எப்போது போகலாம்?

செப்டம்பர் கடைசியும் அக்டோபரும். மழை ஓய்ந்திருக்கும், தண்ணீர் தெளிந்திருக்கும், ஆஸ்பன் இலை மஞ்சளாகியிருக்கும்.

ஏப்ரலிலிருந்து ஜூன் தொடக்கம் வரை முட்டையிடும் காலம். தண்ணீர் சுமார் 8 டிகிரி செல்சியஸை எட்டும்போது தொடங்கும். அப்போது சரளையில் சுத்தம் செய்ததுபோல வெளிறிய திட்டு ஒன்று தெரிந்தால் அதில் கால் வைக்காதீர்கள், அதற்குள் முட்டை இருக்கிறது. நான் அந்த மாதங்களில் தூண்டிலைக் கொண்டுபோவதே இல்லை. ஜூலை, ஆகஸ்ட் மழைக்காலத்தில் எரிந்த பள்ளத்தாக்குக்குள் போகவே வேண்டாம் என்பேன். எந்த மாதமானாலும் தண்ணீர் 20 டிகிரி தொட்டுவிட்டால் தூண்டிலைச் சுருட்டிவிடுங்கள். சூடான நீரில் போராடிய மீன், விட்ட பிறகும் பிழைப்பது கடினம்.

அனுமதி வேண்டுமா?

மாநில மீன்பிடி உரிமம் வேண்டும். அதோடு ஹீலா டிரவுட் ஓடைகளுக்குத் தனி அனுமதிச் சீட்டு ஒன்று உண்டு, அது இலவசம். எத்தனை பேர் வருகிறார்கள் என்று துறைக்குத் தெரிவதற்காக. பல ஓடைகளில் பிடித்ததை விட்டுவிட வேண்டும், செயற்கைப் பூச்சி மட்டுமே போட வேண்டும், ஒற்றை முள், அதிலும் கழலாமல் பிடித்துக்கொள்ளும் பின்முள் இல்லாதது. சில ஓடைகளில் விதி வேறு. ஒரு தீயோ வெள்ளமோ வந்தால் விதியும் மாறும். போன வருடத்து நினைவை நம்பாமல், அந்த வருடத்து விதிப் புத்தகத்தைப் பாருங்கள்.

ஆபத்து உண்டா?

உண்டு. மூன்றைச் சொல்கிறேன்.

ஒன்று, நிற்கும் செத்த மரங்கள். வேர் எரிந்து உளுத்துப்போய், பார்க்க உறுதியாக நிற்கும். லேசான காற்றில் சத்தமே இல்லாமல் சாயும். காற்று அடிக்கிற நாளில் அவற்றின் கீழே நடக்காதீர்கள், கூடாரம் ஒருபோதும் போடாதீர்கள். எரிந்து பல வருடம் ஆன காடுதான் இதில் மோசம்.

இரண்டு, வெள்ளம். ஒரு ஆகஸ்ட் மதியம் நான் நின்ற இடத்தில் வானம் நீலமாகத்தான் இருந்தது. மலைக்கு அந்தப் பக்கம் இடி மட்டும் கேட்டது. முதலில் ஓடையின் ஓசை மாறியது, அப்புறம் ஈரச் சாம்பல் நாற்றம். தண்ணீர் பால் கலந்த காபி நிறமானதைப் பார்த்ததும் பையை அப்படியே விட்டுவிட்டுச் சரிவில் ஏறினேன். சில நிமிடங்களில் நான் உட்கார்ந்திருந்த பாறை தெரியவில்லை. அன்றிலிருந்து, மழைக்காலத்தில் குறுகிய பள்ளத்தாக்குக்குள் நுழைவதில்லை. எங்கே நுழைந்தாலும் முதலில் ஏறித் தப்பிக்கும் வழியைப் பார்த்துவைக்கிறேன்.

மூன்று, பாதை. வரைபடத்தில் கோடு இருக்கும், தரையில் இருக்காது. எரிந்த இடத்தில் முள் நிறைந்த லோகஸ்ட் புதரும் குட்டை ஓக்கும் ஆள் உயரம் மண்டிக்கிடக்கும். சமதரையில் ஒரு மணி நேரத்தில் நடக்கும் தூரத்துக்கு நாலு மணி நேரம் ஒதுக்குங்கள். முழங்கால் வரை தடித்த துணி போட்டுக்கொள்ளுங்கள்.

கரடியும், 1998 முதல் மீண்டும் கொண்டுவந்து விடப்பட்ட மெக்சிகன் ஓநாயும் அங்கே உண்டு. அவற்றால் எனக்கு ஒரு தொந்தரவும் வந்ததில்லை. வெயில் காயும் பாறையில் கை வைக்கும் முன் பாம்பு இருக்கிறதா என்று பாருங்கள், கிலுகிலுப்பை விரியன் உண்டு.

திருப்பி விடுவதற்கு எதற்காகப் பிடிக்க வேண்டும்?

என் அம்மா கேட்ட கேள்வி இது. பிடித்தால் சாப்பிடு, சாப்பிடாவிட்டால் அதை ஏன் துன்புறுத்துகிறாய் என்றார். நியாயமான கேள்வி. மீனுக்கு அதில் நோவு இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். முள் குத்துகிறது, அது போராடுகிறது, களைத்துப்போகிறது.

நான் அவருக்குச் சொன்ன பதில் இதுதான். அமெரிக்காவில் 1950 முதல் ஒரு சட்டம் இருக்கிறது. தூண்டில், கோல், உருளை என்று மீன்பிடிச் சாமான் எது விற்றாலும் அதில் விதிக்கும் வரி, மீன் வளப் பாதுகாப்புக்கென்றே மாநிலங்களுக்குப் பிரித்துக் கொடுக்கப்படுகிறது. உரிமக் கட்டணமும் அதற்குத்தான். பொரிப்பகம், கழுதைகள், தடுப்புகள், இவற்றுக்குப் பணம் வரும் முக்கியமான வழிகளில் அது ஒன்று. அப்புறம், யாரும் போகாத ஓடைக்காகப் பேச யாரும் வர மாட்டார்கள். ஹீலா டிரவுட்டைக் கையில் பிடித்துப் பார்த்தவன் அதற்காகக் கூட்டத்துக்குப் போவான், கடிதம் எழுதுவான். நான் போயிருக்கிறேன், எழுதியிருக்கிறேன்.

இருந்தாலும் கேள்வி மனதில் நிற்கிறது. அதனால் ஒரு நாளைக்கு ஐந்து மீனோடு நிறுத்திக்கொள்கிறேன். ஐந்தும் காலையிலேயே வந்துவிட்டால் மீதி நாள் கரையில் உட்கார்ந்து பார்ப்பேன்.

சரியாக விடுவது எப்படி?

கிளம்பும் முன்பே குறடால் பின்முள்ளை நசுக்கிவிடுங்கள். மீன் மாட்டியதும் அதைச் சீக்கிரம் கரைக்குக் கொண்டுவந்துவிடுங்கள், விளையாட்டுக் காட்ட வேண்டாம். கையை நனைத்துக்கொள்ளுங்கள். உலர்ந்த கை பட்டால் உடம்பின் வழுவழுப்பு உரியும், அது போனால் பூஞ்சை பிடிக்கும். தண்ணீருக்குள்ளேயே முள்ளைக் கழற்றுங்கள். படம் எடுக்க வேண்டுமென்றால் உங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு தூக்குங்கள், உங்களுக்கு மூச்சு முட்டும் முன் அது தண்ணீரில் இருக்க வேண்டும். பிறகு நீரோட்டத்துக்கு எதிராக முகம் வைத்து லேசாகத் தாங்கிப் பிடியுங்கள். வாலை உதறிக்கொண்டு அதுவே போகும்.

காடு எரியாமலே தடுத்துவிட்டால் என்ன?

அதைத்தான் நூறு வருடம் செய்தார்கள். பாண்டரோசா பைன் காட்டில் முன்பெல்லாம் சில வருடங்களுக்கு ஒருமுறை சிறு தீ தரையோடு தவழ்ந்து போகும். சருகும் குட்டை மரமும் எரியும், தடித்த பட்டை கொண்ட பெரிய மரம் தாங்கி நிற்கும். எல்லாத் தீயையும் அணைக்கத் தொடங்கியதும் அடியில் விறகு சேர்ந்துகொண்டே போனது. அதோடு வெப்பமும் வறட்சியும் சேர, இப்போது பிடித்தால் உச்சிக்கிளை வரை எரிகிறது. ஹீலாவில் 1970களிலேயே மின்னல் தீக்களைக் கண்காணித்தபடி எரிய விடத் தொடங்கினார்கள், அமெரிக்காவில் முன்னோடியான இடங்களில் அதுவும் ஒன்று. அது சரியான வழி என்றே நினைக்கிறேன்.

மறுபடி பெருந்தீ வந்தால்?

வந்துவிட்டது. 2022 மே மாதம் பிளாக் ஃபயர், 3,25,000 ஏக்கருக்கும் மேல், இந்த முறை கிழக்கே பிளாக் மலைத்தொடரில். மெயின் டயமண்ட் ஓடைக்கு 1989லும் சவுத் டயமண்டுக்கு 1995லும் தீயால் அழிவு வந்து, மீன்களைத் திரும்பக் கொண்டுவந்து விட்ட பகுதி அது. அதே வசந்தத்தில் மாநிலத்தின் வடக்கே இன்னொரு பெருந்தீ, மோரா என்ற ஊர் மக்களையே வெளியேற்ற வேண்டியதாயிற்று. ஹீலா டிரவுட்டின் தாய் மீன்களை வைத்து வளர்க்கும் பொரிப்பகம் அந்த மோராவில்தான் இருக்கிறது. காட்டிலும் தீ, காட்டுக்கு மாற்றாக வைத்திருந்த இடத்தின் பக்கத்திலும் தீ. அந்த வாரங்களில் எனக்குத் தூக்கம் சரியாக வரவில்லை.

ஒரே கூடையில் முட்டைகள் எல்லாவற்றையும் வைக்காமல் பல மலைகளில் பரப்பி வைப்பதுதான் இருக்கிற வழி. அரிசோனாவிலும் சில ஓடைகளில் விட்டிருக்கிறார்கள். அங்கேயும் 2017ல் மவுன்ட் கிரஹாமில் தீ வந்தது. எரிவதும் தூக்கிக்கொண்டு ஓடுவதும் திரும்பக் கொண்டுவந்து விடுவதும் இனி நெடுங்காலம் நடக்கும் வேலைதான்.

சரி, நான் போக வேண்டும். எங்கே தொடங்குவது?

சில்வர் சிட்டியிலும் க்ளென்வுட்டிலும் வனத்துறை அலுவலகம் இருக்கிறது. கிளம்பும் வாரம் போன் செய்து மூன்று விஷயம் கேளுங்கள்: சாலை திறந்திருக்கிறதா, பாதையில் மரம் வெட்டி வழி விட்டிருக்கிறார்களா, நீங்கள் நினைக்கும் ஓடையில் சமீபத்தில் வெள்ளம் போனதா. முதல்முறை போகிறவர்களுக்கு நான் சொல்வது வில்லோ க்ரீக். மொகயோன் என்ற பழைய சுரங்க ஊரைத் தாண்டி, மலைமேல் ஏறும் ஒற்றையடி போன்ற சாலையில் போனால் ஓடைக் கரைவரை வண்டி போகும். பனிக்காலத்தில் அந்தச் சாலை மூடியிருக்கும்.

முந்தைய ஓடையில் போட்ட காலணியையும் வலையையும் நன்றாகக் கழுவி, முழுதாக உலர்த்திய பிறகே அடுத்த ஓடையில் இறங்குங்கள். மீன் நோய்க் கிருமி ஈரத்தில்தான் பயணம் செய்கிறது. போய்ச் சேர்ந்ததும் கோலை எடுக்காதீர்கள். ஒரு அரை மணி நேரம், தண்ணீரிலிருந்து தள்ளி, எரிந்த மரம் ஏதும் மேலே இல்லாத இடமாகப் பார்த்து உட்காருங்கள். மடுவின் வால்பகுதியில், நுரை மெலிந்து போகிற இடத்தில், சின்ன வட்டம் ஒன்று விரிந்து மறையும்.